ரோலர் கழுவும் நேரம்

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் 16 வருடமாக அச்சகம் நடத்துகிறேன். வயது 43. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், ஃபிளெக்ஸ், அடையாள அட்டை, லேமினேஷன், ஜெராக்ஸ் என்று எல்லாம் செய்கிறேன். வந்த வேலை எதையும் திருப்பி அனுப்பியதில்லை. காலை 8 மணிக்குத் திறந்தால் இரவு 11 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறேன். இதற்கு நடுவே வணிகர் சங்கத்தில் பொருளாளர், கோயில் திருப்பணிக் குழுவில் உறுப்பினர். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டே பல நாள் ஆகிறது. இவ்வளவு ஓடியும் கையில் நிற்பது குறைவு. முக்கியமானதை மட்டும் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றதை எப்படி விடுவது?

பதில்:

"வந்த வேலை எதையும் திருப்பி அனுப்பியதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கடை திறந்த முதல் இரண்டு மூன்று வருடம் அது பெருமைதான். அப்போது வேலை வருவதே பெரிய விஷயம். பதினாறாவது வருடத்திலும் அப்படியே என்றால், உங்கள் நாளை எப்படிக் கழிப்பது என்பதைத் தெருவில் போகிறவர்கள் முடிவு செய்கிறார்கள் என்று பொருள்.

நான் அச்சுத் தொழில்காரன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகச் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்து, வரித் தாக்கல் செய்து பிழைப்பவன். ஜவுளிக்கடை, மரக்கடை, மளிகை, மருந்துக்கடை, மூன்று நான்கு அச்சகங்கள் எல்லாவற்றின் பேரேட்டையும் புரட்டியிருக்கிறேன். ஆளைச் சாய்ப்பது வேலையின் அளவு என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் ஆளைச் சாய்ப்பது வேலையின் வகை. காலை முதல் மாலை வரை கதவு மட்டுமே இழைக்கிற தச்சர் களைத்துப் போவார், படுத்தவுடன் தூங்கிவிடுவார். ஆறே மணி நேரத்தில் பத்து விதமான வேலை பார்த்தவருக்குத் தூக்கம் வராது. ஆகவே நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. பத்து வகை வேலையை அட்டவணை போட்டு எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பத்து பத்துதான்.

இதை உங்கள் பட்டறையிலேயே காட்ட முடியும்.

சில வருடங்களுக்கு முன், என்னிடம் கணக்கு கொடுக்கிற ஓர் அச்சக உரிமையாளர் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். பேரேட்டைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விற்பனை இருந்தது, தாள் செலவு ஒழுங்காக இருந்தது, கூலியும் அதிகமில்லை. ஆனால் மிச்சம் இல்லை. சரி என்று ஒரு நாள் முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு பழைய டைரி, கடிகாரம்.

முதல் வேலை ஒரு மருத்துவருக்குச் சிவப்பு மையில் லெட்டர்பேடு, 500 தாள். அந்தச் சின்ன ஆஃப்செட் மெஷின் மணிக்கு 4,000 தாளாவது ஓட்டும். 500 தாள் விழுந்து முடிய எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்னால், முந்தின இரவு ஓடிய நீல மை, மை தடவுகிற உருளையான ரோலரில் காய்ந்து கிடந்தது. மண்ணெண்ணெயும் துணியுமாக அதைக் கழுவி எடுத்து, தாளில் மையைப் பதிக்கிற ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டைத் துடைத்து, எழுத்து பதிந்த தகடான பழைய பிளேட்டைக் கழற்றிப் புதியதை மாட்டி, சிவப்பு மை போட்டு, நாற்பது ஐம்பது கழிவுத் தாள் ஓட்டி, ஓரம் நேராக விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருகை ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் திருப்பி, முதல் நல்ல தாள் வந்தபோது 45 நிமிடம் போயிருந்தது. அடுத்த வேலை கறுப்பு மை. மறுபடி ரோலர். அதற்கடுத்தது பச்சை.

மாலையில் கூட்டிப் பார்த்தோம். பத்து மணி நேரத்தில் அந்த மெஷின் நல்ல தாள் போட்டது ஒன்றே முக்கால் மணி நேரம். அவர் என் டைரிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், நான் அச்சுத் தொழில் செய்யவில்லை, ரோலர் கழுவுகிற தொழில் செய்துகொண்டிருக்கிறேன்" என்றார்.

500 தாளுக்குக் கழுவுவதும் 5,000 தாளுக்குக் கழுவுவதும் ஒன்றுதான். வாடிக்கையாளர் தாளுக்குக் காசு கொடுக்கிறார். கழுவியதற்கு யார் கொடுக்கிறார்கள்? அது எந்தப் பில்லிலும் வராது. பில்லில் வராதது என்னிடம் வருகிற பேரேட்டிலும் வராது. அதனால்தான் நான் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தலைக்குள்ளும் அப்படி ஒரு ரோலர் ஓடுகிறது. அன்று மத்தியானம் அவர் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் பில் புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். நம்பரிங் மெஷினில் தொடக்க எண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வர வேண்டும் என்று ஜெராக்ஸ் கேட்டார். இவர் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார், சில்லறை தேடினார், திரும்பி வந்தார். 2501-ல் தொடங்க வேண்டிய புத்தகம் 2401-ல் தொடங்கியது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் இருபது புத்தகத்தையும் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய எண்ணிலேயே இரண்டு பில் இருந்தால் வரி அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தாள், பைண்டிங், கூலி எல்லாம் இரண்டாவது முறை. கணக்கில் இது எப்படி ஏறியது தெரியுமா? ஜெராக்ஸ் நாலு ரூபாய் வரவில் ஏறியது. வீணான இருபது புத்தகம் 'தாள் செலவு' என்று பொதுவில் கரைந்துபோனது. வருடக் கடைசியில் பார்த்தால் ஜெராக்ஸ் மெஷின் லாபம் தருகிற மாதிரியே தெரியும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எது முக்கியம் என்று கண்ணை மூடி யோசித்துக் கண்டுபிடிக்காதீர்கள். யோசித்தால் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதுதான் முக்கியம் என்று வரும். பில்லை எடுங்கள். ஒரு மாதத்துப் பில் போதாது. உங்கள் தொழிலில் மாதம் ஏமாற்றும். வைகாசிப் பில்லை எடுத்தால் கல்யாணப் பத்திரிகைதான் உங்கள் பிழைப்பு என்று தோன்றும். ஆடியிலும் மார்கழியிலும் எடுத்தால் அப்படி ஒரு வேலையே கிடையாது என்று தோன்றும். மே, ஜூனில் பள்ளிக்கூட வேலை, வருடக் கடைசியில் காலண்டர், டைரி. எனவே முழு வருடம். ஒவ்வொரு பில்லின் முதுகிலும் பென்சிலால் மூன்று விஷயம் குறியுங்கள்: தாள், பிளேட், கூலி போக என்ன நின்றது, இவர் திரும்ப வருகிறவரா, இந்த வேலைக்கு நீங்கள் எத்தனை முறை கை வைத்தீர்கள். முதல் இரண்டையும் எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்வார். மூன்றாவதுதான் இதில் உயிர்.

கை வைப்பது என்றால் என்ன என்பதற்குக் கல்யாணப் பத்திரிகையே போதும். ஒரு குடும்பத்தில் ஆறு பேர் வருகிறார்கள். மாதிரி ஆல்பம் அத்தனையையும் தரையில் விரிக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிள்ளையார் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லாத வெள்ளை அட்டை பிடித்திருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, அத்தையிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று போகிறார்கள். தேர்வு முடிந்து வாசகம் அடித்து, பிழை பார்க்கிற மாதிரித் தாளான புரூஃப் கொடுத்தால், பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டது. அதைச் சரி செய்தால், தாய்மாமனின் இனிஷியல் தவறு. அதையும் திருத்தினால், காலமான தாத்தாவுக்கு முன்னால் 'தெய்வத்திரு' விட்டுப்போயிற்று. நான்காவது புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரவு 10:40-க்கு ஒரு குரல் பதிவு வருகிறது: முகூர்த்த நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்தரையாம், எட்டரையிலிருந்து இல்லையாம். இத்தனைக்கும் பிறகு 400 அட்டை. கையில் நிற்கிற தொகை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பதினெட்டு முறை கை வைத்த வேலை அது. அதே நேரத்தில், மூலைக்கடைக்காரர் பழைய பில் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறார்: இதே மாதிரி, எண் தொடர்ச்சியாக, ஐம்பது புத்தகம். புரூஃப் இல்லை, பேரம் இல்லை, மூன்று முறை கை வைத்தால் முடிந்தது. நாலு மாதம் கழித்து மறுபடி அதே பையன் வருவான்.

கல்யாணப் பத்திரிகையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் கை வந்த கலை. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதே அவர்களுக்குச் சந்தோஷம். அவர்கள் பில் புத்தகத்தை விட்டுவிட்டு அதை மட்டும் செய்யட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் கம்ப்யூட்டர் பில் பரவப் பரவக் கைப் பில் புத்தகத்தின் நாள் எண்ணப்படுகிறது. அதை நம்பினால் அதே கடைக்காரர்களுக்கு வேறு எது தொடர்ச்சியாகத் தேவைப்படும் என்று இப்போதே பார்க்க வேண்டும்: மருந்துக் கவர், இனிப்புப் பெட்டி, துணிக்கடை அட்டை. நான் சொன்ன அந்த உரிமையாளர் அப்படித்தான் போனார். மூன்று நிறம், ஐந்து அளவு, திரும்ப வருகிற வாடிக்கையாளர். திங்கள், செவ்வாய் கறுப்பு மட்டும் ஓட்டுவது, புதன் வியாழன் நீலம், சிவப்பு வெள்ளிக்கிழமை. லெட்டர்பேடு அவசரம் என்று யார் வந்தாலும், சிவப்பு வெள்ளிக்கிழமைதான். முதலில் முகம் சுளித்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள்.

நூற்றுக்கு இருபது வேலையில்தான் எண்பது பங்கு பலன் இருக்கிறது என்று ஒரு விதியை உங்களிடம் யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோ சொன்னது செல்வப் பங்கீட்டைப் பற்றியது. அதை எல்லாத் தொழிலுக்கும் விரித்து அவர் பெயரைச் சூட்டியவர் தர நிர்வாக நிபுணர் ஜோசப் ஜூரன். அந்தப் பெயர் சூட்டியது தன் தவறு என்று ஜூரனே பின்னாளில் எழுதினார். எண்பது, இருபது என்ற எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். உங்கள் பில்லில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் எண்.

வகையைக் குறைத்தவர்கள் கதை நிறைய உண்டு. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் 1940-ல் ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் ஓர் உணவகம் திறந்தார்கள். காரில் வந்து நிறுத்தினால் பணிப்பெண்கள் காருக்கே வந்து கேட்டு, தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல கூட்டம், நல்ல வருமானம். 1948-ல், அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சுமார் மூன்று மாதம் இழுத்து மூடினார்கள். விற்பனையில் பெரும்பகுதி ஹாம்பர்கர்தான் என்று கணக்கில் பார்த்துவிட்டிருந்தார்கள். திரும்பத் திறந்தபோது 25 வகைப் பண்டம் 9 ஆகியிருந்தது. பணிப்பெண்கள் இல்லை. தட்டு, கரண்டி இல்லை. ஆகவே கழுவலும் இல்லை, உடைசலும் இல்லை. காகிதத்தில் சுற்றிய ஹாம்பர்கர் 15 சென்ட். இதோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் முக்கியமான இடத்தை விட்டுவிடுகிறார்கள். திறந்த புதிதில் வியாபாரம் விழுந்தது. பழைய வாடிக்கையாளர்கள் காரில் உட்கார்ந்தபடி ஹாரன் அடித்துக்கொண்டு பணிப்பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள். பழையபடி நடத்துங்கள் என்று கேட்டார்கள். சகோதரர்கள் அசையவில்லை. சில மாதம் கழித்துத்தான் கூட்டம் திரும்பியது, அதுவும் வேறு கூட்டம்: குழந்தை குட்டியோடு வருகிற குடும்பங்கள்.

நீங்களும் வகையைக் குறைத்தால் முதல் சில மாதம் கல்லா இளைக்கும். அதற்குத் தயாராக ஆறு மாத வாடகையும் கூலியும் கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கடனை வைத்துக்கொண்டு எளிமையாவது நடக்காது. மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது ஐ.டி. கார்டு வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

இரண்டாவது கதை மதுரையில். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதில் வந்த முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களால் கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். மெக்டொனால்ட் கடைகள் வேலையை நடத்தும் விதத்தை வெளிப்படையாகவே வியந்தவர். கண்புரை நம் நாட்டில் பார்வை இழப்புக்குப் பெரிய காரணம். அறுவை செய்தால் பார்வை திரும்பும். அதையே நடுவில் வைத்தார்கள். அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். இதை முடித்தவுடன் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்புவார், நுண்ணோக்கியும் திரும்பும். பார்வை அளப்பது, கண்ணைத் தயார் செய்வது, கட்டுப் போடுவது, நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவது ஆகியவற்றைச் செய்யக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவரின் கை மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்கிறார். ரோலர் கழுவுகிற நேரத்தை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்று உங்கள் பாஷையில் சொல்லலாம். பணம் கொடுப்பவர்களின் வருமானத்தில் இல்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்ய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது இறக்குமதிச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் அவர்கள் ஆரோலேப் என்று ஓர் உற்பத்திக்கூடமே தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். மருத்துவமனைக்கு எதற்குத் தொழிற்சாலை என்று யாரும் கேட்கலாம். வேலை கூடித்தான் போயிற்று. நடுவில் வைத்திருந்த காரியத்துக்கு லென்ஸ் தடையாக நின்றது, அதனால் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். முக்கியமானதில் கவனம் வைப்பது என்றால் எப்போதும் வெட்டிக்கொண்டே போவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷின் இல்லாமல் ஒவ்வொரு கட்டுக்கும் தெருக்கோடிக்கு ஆள் அனுப்புகிறீர்கள் என்றால், கடன் வாங்காமல் முடிகிறபோது ஒரு கட்டிங் மெஷின் வாங்குவதுகூட எளிமைதான்.

வெட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. காய்கறிக் கடைக்காரர் கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொசுறாகக் கொடுக்கிறார். கணக்குப் பார்த்தால் அது சுத்த நஷ்டம். நிறுத்திப் பார்க்கட்டும், மறுநாள் தக்காளியும் விற்காது. உங்கள் கடையிலும் கொசுறு உண்டு. மருந்துக்கடைக்காரருக்குக் கவர் அடிக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு முறை அவர் பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஐம்பது அட்டை கேட்கிறார். அது வகைக்குள் வராது என்று திருப்பி அனுப்பினால் கவரும் கூடவே போய்விடும். ஆகவே ஒவ்வொரு வகையையும் அடிக்கும் முன், இது போனால் கூட எது போகும் என்று கேளுங்கள். அதே மாதிரி, நல்ல வேலை என்று எல்லாவற்றையும் ஒரே வாடிக்கையாளரிடம் கொண்டுபோய் வைக்காதீர்கள். பாதிக்கு மேல் ஒரே கடையை நம்பியிருந்த ஒருவரின் கணக்கை நான் பார்த்தேன். அந்தக் கடை கைமாறிய மாதத்தில் இவர் வீட்டில் அடுப்பு எரிந்தது நகை அடகு வைத்த காசில்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது: எப்படி விடுவது? நம் ஊரில் வாடிக்கையாளர் யார்? பாதிப் பேர் மாமா, மச்சான், சித்தப்பாவின் சம்பந்தி. 'முடியாது' என்ற சொல்லே இங்கே வசவு மாதிரி. அதனால் நான் எல்லோருக்கும் சொல்கிற வழி: முடியாது என்று சொல்லாதீர்கள், முகவரி சொல்லுங்கள். ஃபிளெக்ஸுக்கு பஸ் நிலையத்துப் பக்கம் நல்ல கடை இருக்கிறது, நான் போன் செய்துவிடுகிறேன், நமக்கு வேண்டியவர் என்று சொல்லிவிடுகிறேன் என்றால் மாமா கோபிக்க மாட்டார், மரியாதை குறையவில்லை. காலண்டரில் ஊர் ஊராக உள்ள அச்சகக்காரர்கள் வெகுகாலமாக இதைத்தான் செய்கிறார்கள். சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி ஆல்பம் வெளியிடுகிறார்கள்; நம் ஆள் அதைக் காட்டி ஆர்டர் எடுக்கிறார், சிவகாசியில் அச்சாகிறது. காலண்டரை நாமே அடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஃபிளெக்ஸுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மட்டும் செய்கிறவனாகிவிடுவேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை என் அலுவலகமும் உங்கள் அச்சகம் மாதிரிதான். வருமான வரி, விற்பனை வரி, வங்கிக் கடனுக்கு மதிப்பீட்டு அறிக்கை, பாஸ்போர்ட் விண்ணப்பம், பத்திரம் எழுதுகிறவரிடம் சிபாரிசு, கல்யாண மண்டபத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வது வரை எல்லாம் செய்தேன். ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாதம் தவறாமல் 11-ம் தேதி ஒன்று, 20-ம் தேதி ஒன்று என்று இரண்டு கெடு தலைக்கு மேல் தொங்கியது. நான் பழையபடியே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு மாதம், 20-ம் தேதி மத்தியானம், யாருடைய மகனுக்கோ பாஸ்போர்ட் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மரக்கடையின் தாக்கல் விட்டுப்போயிற்று. தாமதக் கட்டணமும் வட்டியும் நான் என் கையிலிருந்து கட்டினேன். அந்த முதலாளி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "உங்களுக்கும் வயதாகிறது, பாவம்" என்றார். அப்போது எனக்கு 54 வயது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: கணக்கு, வரித் தாக்கல் மட்டும். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து பாஸ்போர்ட் படிவத்தை நீட்டியவர்கள் உண்டு. எதிர் வரிசையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண்ணிடம் அனுப்பினேன். அவர் என்னைவிடச் சுத்தமாக நிரப்புகிறார் என்பது வேறு விஷயம். இருபது வருடமாக நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நம்பியிருந்த வேலை அது.

சங்கமும் கோயிலும். இவற்றில் நான் உங்களைவிடக் கறாராக இருப்பேன். பொருளாளர் பதவி கணக்கு சம்பந்தப்பட்டது; அரைகுறையாகச் செய்தால் கெட்ட பெயர் மட்டும் மிஞ்சும். அடுத்த ஆண்டுக் கூட்டம் வரை இருங்கள், கணக்கை ஒப்படைத்துவிட்டு இறங்குங்கள். நடுவில் விட்டால் பணத்தில் ஏதோ இருக்கிறது என்று பேசுவார்கள். கோயில் குழுவில் உங்களிடம் எதிர்பார்ப்பது உண்மையில் என்ன? பெரும்பாலும் நோட்டீஸும் நன்கொடை ரசீதுப் புத்தகமும். அதை அச்சுக் கூலி வாங்காமல் அடித்துக் கொடுங்கள், கறுப்பு மை நாளில். இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்கு நீங்கள் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வேலைக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். வேலை எண்ணுள்ள போன் கடை மேசை இழுப்பறையிலேயே தூங்கட்டும். முகூர்த்த நேரம் மாறியிருந்தால் காலை எட்டு மணிக்குத் தெரிந்துகொண்டாலும் போதும்.

மகளோடு சாப்பிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை 'நேரம் கிடைத்தால்' என்று வைக்காதீர்கள், கிடைக்காது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும் வரை இரவு எட்டு மணிக்கு ஷட்டர் என்று வைத்துக்கொண்டு, மீதமுள்ள நேரத்துக்குள் எத்தனை வகை அடங்குகிறது என்று அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் தலைகீழ். எல்லா வேலையையும் முதலில் அடுக்கிவிட்டு, மிச்சமிருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

பில்களோடு உட்காருவதற்கு ஆடி மாதம்தான் சரி. முகூர்த்தம் கிடையாது, பள்ளிக்கூட வேலையும் முடிந்திருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். மெஷின் ஓட்டுகிற பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், எதற்கு எத்தனை முறை ரோலர் கழுவினோம் என்பது உங்களைவிட அவனுக்குத்தான் நினைவிருக்கும். ஜெராக்ஸ் மெஷினை மட்டும் அதுவரை வைத்திருக்க வேண்டாம். பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை ஏதாவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.